முப்பது வினாக்கள்

நண்பர்கள் முறைவைத்து வினாத் தொடுக்கும் விளையாட்டில் விடை சொல்பவரின் அறிவே சோதிக்கப்படுகிறது என்று நாம் எண்ணுகிறோம். வினாத் தொடுப்பவரும் அதே தராசில்தான் நிற்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். அதை நினைவூட்டுவது 1535ஆம் ஆண்டு வெனிஸில் இரு கணித ஆசிரியர்களிடையே நடந்த ஒரு போட்டி.

அக்கால இத்தாலியில் கணிதர்கள் ஒருவரையொருவர் வினாப்போருக்கு அழைப்பது வழக்கம். வென்றவருக்குப் புகழும் மாணவர்களும் சேர்வர். தோற்றவரின் பிழைப்பே ஆட்டங்காணும். ஆகவே புதிதாய்க் கண்டறிந்த முறையை வெளியிடாமல், உறையிலிட்ட வாளைப்போல் காத்துவந்தனர். பொலோனா பல்கலைக்கழக ஆசிரியர் ஷிபியோனே டெல் ஃபெர்ரோ முப்படிச் சமன்பாட்டின் ஒரு வகைக்குத் தீர்வு கண்டவர். 1526இல் மறையும்வரை அவர் அதை அச்சேற்றவில்லை. நெருங்கிய ஓரிருவருக்கே சொன்னார். அவர்களுள் ஒருவர் மாணவர் அந்தோனியோ மரியா ஃபியோர்.

குருவின் இரகசியம் கையிலிருந்த துணிவில் ஃபியோர் அறைகூவியது நிக்கோலோ தார்த்தாலியாவை. 1512இல் பிரெஞ்சுப் படை பிரேஷா நகரைச் சூறையாடியபோது, சிறுவனாயிருந்த அவர் தாடையில் வாள்வெட்டுப்பட்டுப் பேச்சுத் திக்கியது. திக்குவாயர் என்னும் பொருள்படும் அப்பெயரையே பின்னர் அவர் சூடிக்கொண்டார்.

ஆளுக்கு முப்பது வினாக்கள் என்பது ஒப்பந்தம். ஃபியோரின் வினாக்களில் ஒன்று இது: ஒருவன் நீலக்கல்லொன்றை 500 டுகாட்டுக்கு விற்கிறான், அவன் பெற்ற இலாபம் முதலின் கனமூலத்துக்குச் சமம், இலாபம் எவ்வளவு? இன்றைய குறியீட்டில், ஓர் எண்ணின் கனத்தோடு அவ்வெண்ணையே கூட்டினால் 500. விடை ஏறத்தாழ 7.9. இன்னொரு வினாவில் முறிந்த மரம் வரும். கதைகள்தாம் வேறு, முப்பதின் உள்ளீடும் அந்த ஒரே வகைச் சமன்பாடு. தார்த்தாலியாவோ கணிதத்தின் பல துறைகளிலிருந்தும் வினாக்களைப் பொறுக்கியிருந்தார்.

எதிராளியிடம் ஏதோ இரகசிய முறை உண்டென்பதை அறிந்த தார்த்தாலியா அதைத் தாமே தேடலானார். பிப்ரவரி 12ஆம் நாள் இரவு கடந்து 13 விடியுமுன் வழி புலப்பட்டது. பின்னர் முப்பது வினாக்களையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒரே பூட்டை முப்பது கதவுகளில் மாட்டியவருக்கு, ஒரு சாவி எதிராளிக்குக் கிடைத்ததும் காவலென்று ஏதும் மிஞ்சவில்லை. ஃபியோருக்கோ தம்மிடம் வந்த வினாக்களில் பெரும்பாலானவை எட்டவில்லை.

வென்றவரும் இரகசியம் காக்கவே விரும்பினார். 1539இல் மிலானின் ஜெரோலாமோ கர்தானோவிடம், வெளியிடமாட்டேன் என்ற ஆணையின்பேரில், செய்யுள் வடிவில் முறையைச் சொன்னார். டெல் ஃபெர்ரோ முன்னரே கண்டதைப் பொலோனாவில் நேரில் அறிந்த கர்தானோ, இருவரின் பெயரையும் சுட்டி 1545இல் தம் நூலில் அதை அச்சிட்டார். தார்த்தாலியா கடுஞ்சினம் கொண்டார். எனினும் அந்நூலால்தான் ஒளித்துவைத்த வாள் எல்லாரும் எடுத்தாளும் கருவியாயிற்று.

விடை தெரிந்தவன் பிறர் அறிவைக் காண எழுப்பும் வினாவை அறிவினா என்கிறது நம் இலக்கணம். அவ்வினா கேட்டவனின் அறிவு எவ்வளவு என்பதையும் சேர்த்தே காட்டிவிடுகிறது. அடுத்த முறை நம்முடையதாகும்போது, நமக்கு நன்கு தெரிந்த ஒற்றை மூலையிலிருந்தே முப்பதையும் எடுக்கிறோமா என்று ஒருகணம் பார்த்துக்கொள்வது நலம்.