பேறுகாலச் செலவு யாருடையது? பம்பாய்ச் சட்டசபையில் அம்பேத்கர்

அம்பேத்கர் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சாதி ஒழிப்பையும் அரசியலமைப்பு உருவாக்கத்தையும் மையமாகக் கொண்டவை. 1927 முதல் பம்பாய் மாகாணச் சட்டசபையின் நியமன உறுப்பினராக அவர் ஆற்றிய பணி அவற்றில் ஓரமாகவே இடம்பெறுகிறது. ஆயினும், பொதுச் சுகாதாரம் குறித்த அவருடைய சிந்தனை முதலில் துலங்கியது அங்கேதான்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் வாஷிங்டனில் மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. பேறுகால உதவித்தொகை பொது நிதியிலிருந்தோ காப்பீட்டின் வழியாகவோ வழங்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. இந்தியா அதை ஏற்கவில்லை. மத்திய சட்டசபையில் என். எம். ஜோஷி கொண்டுவந்த மசோதாவும் தோற்றது. அதன்பின், ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேற்று நல மசோதா 1928-இல் பம்பாய்ச் சட்டசபையின் முன் வந்தது.

அவ்வாண்டு ஜூலை 28 அன்று அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. மக்கள் நலனைக் காப்பது அரசின் முதற்கடமையாதலால், செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்பது முறை என்று அவர் ஒப்புக்கொண்டார். அதே வேளையில், பெண்களை வேலைக்கு அமர்த்துவதால் கூடுதல் ஆதாயம் பெறும் முதலாளி ஒரு பங்கையேனும் ஏற்பது நியாயம் என்றும் வாதிட்டார். அரசு பொறுப்பேற்கும்வரை தாய் காத்திருக்க இயலாது என்பதே அந்த ஆதரவின் உட்பொருள்.

1929-இல் சட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 8 அணா உதவித்தொகை கிடைத்தது. சுமை முழுவதும் ஆலை உரிமையாளர் மீது விழுந்தது. அடுத்த பத்தாண்டில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெண்களின் விகிதம் சரிந்தது. இரவுப்பணித் தடையும் ஆட்குறைப்பும் அதற்குக் காரணங்கள். மகப்பேற்றுச் செலவைத் தவிர்க்கும் எண்ணத்தையும் ஆய்வாளர்கள் அவற்றோடு சேர்த்து எண்ணுவர்.

வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை அம்பேத்கர் வகித்தபோது, தொழிலாளர் நலக் காப்பீடு பற்றி ஆராயும் பொறுப்பு 1943-இல் பி. பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வழியில் உருவான 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், பேறுகாலச் செலவைத் தனி முதலாளியிடமிருந்து விலக்கிப் பொதுக் காப்பீட்டு நிதியில் சேர்த்தது. 1928-இல் கொள்கையளவில் சொல்லப்பட்ட பகிர்வு இருபது ஆண்டுகளில் ஒரு நிறுவன வடிவம் பெற்றது.

எனினும், அக்காப்பீட்டுக்கு வெளியே இருந்த பெண்களுக்கான 1961-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மீண்டும் முதலாளியையே பொறுப்பாக்கியது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வாரச் சம்பள விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. செலவை யார் ஏற்பது என்பதை மாற்றவில்லை. உரிமை விரிந்தது; பொறுப்பு பகிரப்படவில்லை. முழுச் செலவும் முதலாளியிடமே நிற்கும்போது, பெண்ணைப் பணியமர்த்தத் தயங்குவது அவருக்கு இலாபமாகிவிடுகிறது. பம்பாய்ச் சட்டசபையில் எழுந்த கேள்வி இன்னும் தீர்க்கப்படாமலேயே உள்ளது.