கண்டிப் பீரங்கியின் பிறப்பும் பெறுமதியும்

பழைய படைக்கலம் ஒன்று கிடைக்குமாயின், அதனை ஆராய்வோர் இரண்டு வினாக்களை எழுப்புவர். அஃது எங்கே பிறந்தது? அதன் பெறுமதி யாது? முதல் வினாவுக்கு விடைகாண, குழலிற் பொறித்த முத்திரையையும் எண்ணையும் நோக்குவர். இரண்டாவதற்கு, அது பழைய வடிவிலிருந்து மாறாதிருக்கிறதா என்று பார்ப்பர். படைவீரர்க்கென ஆக்கப்பட்ட துவக்கொன்றைப் பின்னாளில் ஒருவர் தம் விருப்புக்கேற்பக் குழல் குறைத்தோ கட்டை மாற்றியோ அமைத்துவிட்டால், திரட்டுவோரிடத்து அதன் விலை பெரும்பாலும் தாழ்ந்துவிடும். இவ்வழக்குக்கு முற்றும் மாறான படைக்கலம் ஒன்று 2023 ஆம் ஆண்டின் இறுதியிலே கொழும்புக்கு மீண்டு வந்தது. லெவ்கே திசாவையின் பீரங்கி என்றும் கண்டிப் பீரங்கி என்றும் வழங்குவது அதுவே.

ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமே உடைய சிறு பீரங்கி அது. குழல் வெண்கலத்தாலானது, அதன்மேற் பொன்னும் வெள்ளியும் இழைக்கப்பட்டு மாணிக்கக் கற்களும் பதிக்கப்பட்டுள்ளன. கதிரவன், பிறைமதி, சிங்கம் என்னும் கண்டியரசின் சின்னங்கள் அதிலே காணப்படுகின்றன. மதிலை இடிப்பதற்கென இத்துணை மாணிக்கத்தை எவரும் செலவிடார். அரசன் முன்னிலையில் நிறுத்துதற்குரிய அணிகலன் என்றே அதனைக் கொள்ளல் வேண்டும்.

அதன் வரலாற்றைத் திறக்கும் திறவுகோல் குழலிலுள்ள சிங்களப் பொறிப்பாகும். லெவ்கே திசாவை அதனை அரசனுக்கு அளித்த செய்தியை அது கூறுகிறது. பொறிப்பிலுள்ள ஆண்டு சகம் 1667. நம் கோயிற் சாசனங்களைப் படித்துப் பழகிய மாணவர்க்குச் சக ஆண்டு புதியதன்று. எழுபத்தெட்டைக் கூட்ட 1745 வரும். ஆண்டுப் பிறப்பு ஒவ்வாமையால் 1745-46 என்று கொள்வர். அப்பொழுது கண்டியில் முடிசூடியிருந்தவன் சிறீ விசய இராசசிங்கன் (1739-1747). மதுரையோடு உறவுடைய நாயக்க மரபில் கண்டி அரியணை ஏறிய முதல் மன்னன் இவனே.

பீரங்கி நாட்டைவிட்டுப் போன கதை இருபதாண்டு கழித்து நிகழ்ந்தது. கீர்த்தி சிறீ இராசசிங்கன் ஆட்சியில், ஒல்லாந்தத் தேசாதிபதி லுபேர்ட் யான் வான் எக் 1764 இற் கண்டிமேற் படையெடுத்துத் தோற்றான். 1765 பெப்புருவரியில் மீண்டும் சென்று நகரினுட் புகுந்தான். அரசன் முன்னரே அகன்றுவிட்டான். வெறுமையான அரண்மனையைப் படையினர் சூறையாடினர். வான் எக் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே இறந்தான். நோயாலும் மலைநாட்டார் எதிர்ப்பாலும் நலிந்த படை அவ்வாண்டே கண்டியை விட்டகன்றது. 1766 இல் அடுத்த தேசாதிபதி பால்க் செய்த உடன்படிக்கையால் இலங்கையின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைப்பட்டது. ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவிலுள்ள வுல்பெண்டால் தேவாலயம் இதற்குச் சில ஆண்டுகளின் முன், 1757 இலே திறக்கப்பட்டது. அக்கட்டடத்தைத் தினமும் கடந்துசெல்லும் நம் மாணவர்க்கு இக்காலம் தொலைவிலுள்ளதாகத் தோன்ற வேண்டியதில்லை.

சூறைப்பொருளாகிய பீரங்கி, ஒல்லாந்தின் ஆட்சித்தலைவனாகிய ஐந்தாம் வில்லியத்தின் அரும்பொருட் கூடத்தை அடைந்து, பின்னர் அம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் நூதனசாலைக்கு உரியதாயிற்று.

இனி முதல் வினாவுக்கு வருவோம். குழலின் வடிவம் ஐரோப்பியப் பீரங்கியினது. அதன் மேலுள்ள அணியோ கண்டிக் கம்மியர் கைவண்ணம். குழலை வார்த்த இடமே பிறப்பிடம் என்று கொள்வோர், இது கண்டிக்கு எங்ஙனம் உரியதாகும் என வினவக்கூடும். இவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. கண்டி அரசரின் சிங்காதனத்தை எண்ணிப் பாருங்கள். 1693 இல் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் ரே இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு வழங்கிய பொருள் அது. அதனைப் பிரித்தானியர் 1815 இற் கைப்பற்றினர். 1934 இல் அது திரும்பி வந்தபொழுது, ஒல்லாந்தர் கொடுத்ததாயிற்றே, இது நம்முடையதா என்று ஒருவரும் கேட்டிலர். அதன்மேல் அரசர் வீற்றிருந்தமையே அதனைக் கண்டிச் சிங்காதனமாக்கிற்று. பீரங்கியும் அத்தகையதே. வார்ப்பாலையினின்று வெளிவந்த குழலுக்கு உடன்பிறப்புகள் பல இருந்திருக்கும். கதிரும் பிறையும் சிங்கமும் ஏறி, கொடுத்தவன் பெயரும் ஆண்டும் ஏறிய பின்னரே இது தன்னேரில்லாத ஒன்றாயிற்று. பிற துவக்குகளின் விலையைக் குறைக்கும் மாற்றமே இதற்குப் பிறப்பாயிற்று.

பெறுமதியைப் பற்றியும் ஒரு சொல். பொன்னையும் மாணிக்கத்தையும் நிறுத்து இதனை மதிப்பிடுதல் தட்டான் வேலை. வரலாற்று மாணவன் கைமாறிய முறையை நோக்க வேண்டும்: கொடையா, விலையா, கொள்ளையா? ஒல்லாந்திலும் இவ்வினா எழுந்தது. குடியேற்றக் காலத்திற் கவர்ந்தவையென உறுதிப்படும் பொருள்களை, அவற்றின் சொந்த நாடு கேட்குமாயின் நிபந்தனையின்றித் திருப்புதல் வேண்டுமென அந்நாட்டு ஆலோசனைக் குழு 2020 இல் அறிவுறுத்தியது. இரு நாட்டு ஆய்வாளரும் இப்பீரங்கியின் வழியை ஆவணங்களிலே தேடிக் கண்டனர். 2023 யூலையில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஓகஸ்டு 28 இற் கொழும்பில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. திசெம்பரிற் கொழும்பு நூதனசாலையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இலங்கைப் பொருள்கள் எவ்வெந் நாடுகளில் உள்ளன என்பதைத் தேடித் தொகுத்த பி. எச். டி. எச். டி சில்வாவின் பட்டியல் 1975 இலேயே வெளிவந்திருந்தது. அதன் பின்னரும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

பீரங்கியோடு வந்தவை மேலும் ஐந்து: பொற்கத்தானம் ஒன்று, வெள்ளிக் கத்தானம் ஒன்று, கத்தியொன்று, மகா துவக்கு எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டு. துவக்கு என்னும் சொல் ஈழத்திலே தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவாயிருத்தல் நோக்கற்பாலது. துருக்கியரின் சொல்லொன்று பல வாய்களிற் புகுந்து உருமாறி நம்மை அடைந்தது. பீரங்கியோ பறங்கியர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பீரங்கியின் பொன்னொளியில் மயங்கி இத்துவக்குகளைக் கடந்து சென்றுவிடுதல் கூடாது. இத்தீவின் கொல்லர் செய்யும் துவக்குக் குழல்கள் மிக அழகியவை என்று ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கோத்தன் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதினான். சிங்களத் துவக்குகள் பலவற்றில் நெருப்பெழுப்பும் விசை இடப்புறத்தே அமைந்திருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் அது வலப்புறத்தது. தோளிற் பொருந்தும் கட்டையின் முனையும் சுருள் வடிவாய்க் குடையப்பட்டிருக்கும். முத்திரையும் எழுத்தும் அழிந்துபோன துவக்கைக்கூட இவ்விரண்டு அடையாளங்களைக் கொண்டு பெரும்பாலும் இனங்காணலாம். நூதனசாலைக்குச் செல்லும் மாணவர், கண்ணாடிப் பேழையின் இடப்பக்கம் சென்று நின்று பார்ப்பாராக.