ஒரு சொல்லுக்காக ஒரு வழக்கு

ஏற்காடு, சேலம் போன்ற ஊர்களில் செல்பேசி சேவை நடத்த, 1990-களில் நிறுவனங்கள் 'தமிழ்நாடு வட்டம்' என்ற உரிமத்தை ஏலத்தில் எடுக்க வேண்டியிருந்தது. (சென்னை அப்போது தனி வட்டம்!) ஏர்செல் 1999-இல் இந்த வட்டத்தில்தான் தொடங்கியது.

ஏலத்தில் கேட்ட பெரிய தொகையைக் கட்ட முடியாமல் நிறுவனங்கள் திணறவே, அதே 1999-இல் அரசு கொள்கையை மாற்றியது. இனி வருவாயில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். சரி, வருவாய் என்றால் எது? வங்கி வட்டி, வாடகை, பழைய சொத்தை விற்ற பணம் எல்லாமே சேரும் என்றது தொலைத்தொடர்புத் துறை. செல்பேசி சேவையில் வந்தது மட்டும்தான் என்றார்கள் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள். உரிமப் பத்திரத்தில் வட்டியும் எழுதப்பட்டிருந்தது, கையெழுத்திட்டவர்களும் அவர்களே. வாதம் அங்கேதான் பலவீனமானது.

2015-இல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் பெரும்பாலும் நிறுவனங்கள் பக்கம் நின்றது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. வட்டி, அபராதம் சேர்த்து உரிமக் கட்டண பாக்கி மட்டும் சுமார் 92,000 கோடி ரூபாய்!

அதற்கு முன்பே, 2018-இல் ஏர்செல் திவாலாகிவிட்டது. அந்தப் பிப்ரவரியில் தமிழ்நாட்டில் சேவை முடங்க, வாடிக்கையாளர்கள் தங்கள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கடை கடையாக அலைந்தார்கள்.