விடுதியில் பிறந்த ஸ்டார்

கிறிஸ்மஸுக்கு வாசலில் கட்டுகிறோமே காகித ஸ்டார், அதன் மூத்த கிளை ஒன்று பிறந்தது பள்ளி விடுதியில். கிழக்கு ஜெர்மனியில் நீஸ்கி என்றோர் ஊர். மொரேவியன் சபையார் அங்கே நடத்திய பள்ளியில், 1830-களில், வடிவியல் பாடத்துக்காக மாணவர்கள் பல முனை நட்சத்திரம் செய்தார்கள். அந்தச் சபையின் விடுதிப் பிள்ளைகள் பலருக்கு அப்பா அம்மா கடல் கடந்த ஊழியத்தில். டிசம்பர் நெருங்கினால் கைக்கு வேலையும் மனசுக்குத் துணையும் அந்த ஸ்டார்தான்.

இதே சபையார் 1760-லேயே நம் தரங்கம்பாடிக்கு வந்து, 1803 வரை இருந்தவர்கள். இன்னும் ஒரு தலைமுறை தங்கியிருந்தால் ஸ்டார் நேராக நம் கரையில் இறங்கியிருக்குமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஹெர்ன்ஹூட் ஊரின் புத்தக வியாபாரி பீட்டர் ஹெண்ட்ரிக் வெர்பீக், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் கழற்றிப் பூட்டும்படி செய்தார். 17 முனைகளுக்கு அடிப்பாகம் சதுரம், 8 முனைகளுக்கு முக்கோணம். பெட்டிக்குள் அடங்கியதும் ஸ்டார் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டது.

பிலிப்பைன்ஸிலும் கிறிஸ்மஸ் ஸ்டார் உண்டு, அங்கே அதற்குப் பெயர் பரோல். மூங்கிலும் காகிதமும் கொண்ட ஐந்து முனை விளக்கு. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியுமுன் பூசைக்குப் போகிறவர்களுக்கு அது வழிகாட்டியது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிலிப்பினோ குடும்பத்துப் பிள்ளையும் அறை ஜன்னலில் ஒன்றைத் தொங்கவிட்டுத்தான் ஊரை நினைக்கிறது.

எங்கள் தென்பாண்டிச் சீமை ஸ்டாரும் அதே ஜாடைதான். மூங்கில் சிம்பு பத்து. ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம். முனையோடு முனை சேர்த்து இறுக்கி, உள் மூலைகளில் ஐந்து குச்சியை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பும். அந்த முட்டுக் கொடுப்பது பெரிய அண்ணன் வேலை. சின்னவர்கள் கை வைத்தால் திட்டு விழும். பட்டக் காகிதம், அடுப்பில் கிண்டிய மைதா பசை, உள்ளே சீரோ வாட்ஸ் பல்பு. பெரிய பல்பு போட்டால் காகிதம் கருகும். கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் தெருமுனையிலிருந்தே ஸ்டாரைப் பார்த்து வீட்டை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அந்த வீடுகளின் பிள்ளைகள் பலர் இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் பார்க்கிறார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார், 2006-ல் செல்போன் என்று தொழிற்சாலைகள் வளர, விடுதிகளும் வளர்ந்தன. வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். மூங்கில் ஸ்டாரை பஸ்ஸில் கொண்டுவர முடியாது. மடித்தால் தட்டையாகும் அட்டை ஸ்டார் துணிகளுக்கு நடுவே பைக்குள் வந்துவிடும். பிறந்த இடமான விடுதிக்கே ஸ்டார் திரும்பியிருக்கிறது. வீட்டை விட்டு வந்த பிள்ளைகள்தான் இங்கேயும் அதை விரிக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலைகளுக்கு நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் உண்டு. அந்த ஐந்தில் கிறிஸ்மஸ் இருந்தாலும் கிடைப்பது ஒரே நாள். இங்கிருந்து தூத்துக்குடி சுமார் 600 கிலோமீட்டர். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. தெற்கத்திப் பிள்ளைகளுக்கு 24-ஆம் தேதியையும் சேர்த்து விடட்டும் நிர்வாகங்கள். ஒரு ஞாயிறு கூடுதலாக வேலை பார்த்து ஈடுகட்ட இவர்கள் தயங்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.