கேம்பிரிட்ஜ் மாணாக்கர் மேடையில் மூன்று புலவர்கள்

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இலக்கியக் கல்வியின் உயிர்நாடியாக விளங்கியது போலச்செய்தற் பயிற்சியே ஆகும். கடிதம் கிடைத்த மகிழ்ச்சியைக் கூறும் சிறு தொடரொன்றை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் இலத்தீனில் மாற்றி எழுதிக் காட்டினார் எராஸ்மஸ். அவருடைய நூல் 1512இல் வெளிவந்தது. எலிசபெத் அரசியாருக்கு ஆசிரியராயிருந்த ரோஜர் ஆஸ்கம் வேறொரு முறையை வற்புறுத்தினார். மாணவன் சிசரோவின் பகுதியொன்றை ஆங்கிலத்தில் பெயர்ப்பான். மூல நூலை மூடிவைத்துச் சிறிது பொழுது கழிந்தபின் தன் ஆங்கிலத்தை மீண்டும் இலத்தீனாக்குவான். பின்னர் இரண்டையும் ஆசிரியர் ஒப்பிட்டுக் காட்டுவார். அவர் மறைந்தபின் 1570இல் அச்சேறிய நூலில் இம்முறை விரிவாகப் பேசப்படுகிறது.

இவ்வாறு பயின்ற மாணாக்கர் தம் தாய்மொழிப் புலவரை எங்ஙனம் மதித்தனர்? அன்றைய பல்கலைக்கழகப் பாடத்தில் ஆங்கிலக் கவிதைக்கு இடமில்லை. ஆகவே விடையை வகுப்பறைக்கு வெளியேதான் தேட வேண்டும். ஆஸ்கம் பயின்ற அதே கேம்பிரிட்ஜ் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியில், ஏறத்தாழ 1598க்கும் 1602க்கும் இடையே, மாணாக்கர் மூன்று நாடகங்களை நடித்தனர். பர்னாசஸ் நாடகங்கள் என்று அவை வழங்கப்பெறும். பர்னாசஸ் என்பது கலைத்தெய்வங்கள் உறையும் மலை. பிலோமியூசஸ், ஸ்டூடியோசோ என்னும் இருவர் அம்மலை நோக்கிக் கல்விப் பயணம் மேற்கொள்வதும், கற்று மீண்டபின் பிழைக்க வழியின்றி அலைவதுமே கதை.

இரண்டாம் நாடகத்தில் கல்லியோ என்னும் பகட்டன் வருகிறான். காதலிக்கு அனுப்பப் பாடல் வேண்டுமென்று வறிய புலவன் இன்ஜெனியோசோவை ஏவுகிறான். சாசர், ஸ்பென்சர், ஷேக்ஸ்பியர் ஆகிய மூவர் நடையிலும் வேண்டுமாம்! ஈற்றடி கொடுத்துப் பாடச்சொல்லும் தமிழ்மரபை அறிந்தோர்க்கு இவ்விளையாட்டு புதிதன்று. 1400இல் மறைந்த சாசரின் நடை பழமையொலியோடு வருகிறது. ஸ்பென்சரின் காவியத் தொடக்கத்தில் வெளியிலே குதிரையூர்ந்து செல்லும் வீரனுக்குப் பதிலாக, இங்கே எழுதுகோல் தாள்மீது ஊர்ந்து செல்கிறது. கல்லியோ முன்னிருவரையும் தள்ளி ஷேக்ஸ்பியரையே போற்றுகிறான். அவர் படத்தைத் தன் அறையில் மாட்டப்போவதாகவும், ‘வீனசும் அடோனிசும்’ என்னும் அவர் நூலைத் தலையணைக்கடியில் வைத்துறங்கப் போவதாகவும் கூறுகிறான்.

இது பாராட்டா, எள்ளலா? இரண்டும்தான். புகழுரையை ஒரு மூடன் வாயில் வைத்தமையால் எள்ளல். நடையின் நுட்பங்களை அறிந்தாலன்றி இவ்வாறு போலச்செய்தல் இயலாதாகையால் திறனாய்வு. நீண்ட விளக்கவுரைகள் பல செய்யாததை இக்காட்சி செய்துவிடுகிறது.

மூன்றாம் நாடகத்தில் சிரிப்பு கசக்கிறது. வேலையற்ற அவ்விருவரும் லண்டன் நடிகர்களான பர்பேஜ், கெம்ப் முன் நடித்துக்காட்ட நேர்கிறது. கற்றோர் நாடகங்களில் ஓவிட் நாற்றம் மிகுதி என்று பழிக்கும் கெம்ப், ஓவிட் இயற்றிய ‘மெட்டமார்ஃபசிஸ்’ என்னும் நூற்பெயரையே இன்னொரு புலவர் பெயராக எண்ணிப் பேசுகிறார். தம் தோழர் ஷேக்ஸ்பியர் அவர்களையெல்லாம் வென்றுவிட்டார் என்றும் பெருமைப்படுகிறார். கல்லூரி அவையினர் அவ்வறியாமை கண்டு நகைத்திருப்பர். ஆயினும் 1593இல் வெளிவந்த ‘வீனசும் அடோனிசும்’ அதே ஓவிட் நூலிலிருந்து கதை பெற்றதே. பல்கலைக்கழக வாசலை மிதியாத ஷேக்ஸ்பியர் ஓவிடைக் கொண்டே புகழ்பெற, ஓவிடை முறையாகக் கற்றவர் நடிகரிடம் வேலைக்கு நிற்கின்றனர். மாணாக்கரின் தன்மானத்தைச் சுட்ட இடம் இதுவே. எழுதியவர் அதை மறைக்கவில்லை. அவ்விருவரும் மேடைத்தொழிலையும் வெறுத்து, ஈற்றில் ஆடு மேய்க்கச் செல்கின்றனர்.

மூன்றாம் நாடகம் 1606இல் அச்சாயிற்று. முன்னிரண்டும் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகக் கையெழுத்துப்படியிலிருந்து எடுக்கப்பெற்று 1886இல்தான் வெளிவந்தன. எழுதியவர் பெயர் இன்றும் உறுதிப்படவில்லை.