ஒளித்திருந்து காண்டல்

விலங்கின்பின் ஓடி வேட்டையாடுதலேயன்றி, அது வருமிடத்துக் கரந்திருந்து கோறலும் பண்டைத் தமிழ்நாட்டு வழக்காகும். தொண்டைமான் இளந்திரையன் நாட்டு எயினர், நீருண்ணும் துறைமருங்கிற் குழியகழ்ந்து, நள்ளிரவில் அதனுள் ஒடுங்கிப் பன்றியின் வரவை நோக்கியிருந்தனர் எனப் பெரும்பாணாற்றுப்படை கூறும். அவ்வேட்டம் தப்பின், பகலில் நாயொடு சென்று முயல் பிடிப்பர். அவர்தம் மனைகளில் வில்லும் அம்பும் நிறைந்திருந்தமையும் அந்நூலாற் பெறப்படும்.

சேக்கிழார் காட்டும் திண்ணனார் வேட்டை இதனின் வேறு. அவர் ஓடிய பன்றியை நெடிது தொடர்ந்து, அஃது இளைத்து நின்றவிடத்துச் சுரிகையால் வீழ்த்தினார். பின்னர்த் திருக்காளத்தியில் ஒளித்திருந்தவர் வேடரல்லர். ஆகமம் வல்ல சிவகோசரியாரே. திருமுன் கிடந்த ஊன்கண்டு வருந்திய அவர், இறைவன் கனவிற் பணித்தவாறு ஆறாம்நாள் மறைந்திருந்து நோக்கினார்.

எயினர் மறைந்திருந்தது பிறிதோருயிரைக் கொள்ளுதற்கு. சிவகோசரியார் மறைந்திருந்து கண்டதோ, வேடரொருவர் தம் கண்ணைத் தம் அம்பினாலேயே இடந்து அப்பிய அன்பினை. உயிர் கவர்தற்கு அமைந்த அம்பு ஈண்டுத் தன்னை அளித்தற்குக் கருவியாயிற்று. ஊனையே கண்ட பூசகர் அன்பினைக் காணுதற்கு, ஓதியுணர்ந்த ஆகமத்தோடு ஒளித்திருந்து காண்டலும் வேண்டியிருந்தது. காட்டியவனும் இறைவனே என்பது கடைப்பிடிக்க.