ஏர்வாடி ஸியாரத்: துஆவோடு மருந்தும் வேண்டும்

இலங்கை முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக ஸியாரத் செய்துவரும் தமிழகத் தர்காக்களில் நாகூரைப் போலவே ஏர்வாடியும் பெயர் பெற்றது. இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கு அண்மையில் உள்ள கடலோர ஊர் அது. மதீனாவிலிருந்து மார்க்கப் பணிக்காக வந்து, 12ஆம் நூற்றாண்டில் பாண்டியருடனான போரில் ஷஹீதானதாகக் கூறப்படும் சுல்தான் செய்யிது இப்ராஹீம் பாதுஷா நாயகம் அங்கு அடங்கப்பட்டுள்ளார்கள். துல்கஃதா மாதத்தில் சந்தனக்கூடு நடைபெறும்.

மனநோய்க்கு ஷிபா கிடைக்கும் இடம் என்ற நம்பிக்கையே ஏர்வாடியின் தனிச்சிறப்பு. முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களும் நோயாளர்களுடன் வருகிறார்கள். விளக்கெண்ணெயைப் பூசி, ஓதிய தண்ணீரைக் குடித்து, கனவில் உத்தரவு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் தங்குவோரும் உண்டு. நான் சென்றிருந்தபோது, வாலிப மகனின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்த ஒரு தாயைக் கண்டேன். அவரைச் சுற்றியிருந்த எவரும் அந்த மகனை விலகிப் பார்க்கவில்லை. நமது ஊர்களில் இத்தகைய குடும்பங்களுக்குக் கிடைக்காத ஆறுதல் அது.

ஆனால் ஏர்வாடிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை, அவ்வூரில் தனியார் நடத்திய மனநல இல்லமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 நோயாளர்கள் உயிரிழந்தனர். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. பின்னர் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது.

இதற்குத் தீர்வாக ஸியாரத்தைத் தடுக்க வேண்டியதில்லை. குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008ஆம் ஆண்டு முதல் ‘தவாவும் துஆவும்’ என்ற திட்டம் நடைபெறுகிறது. துஆ கேட்டு வருபவரைத் தர்கா முஜாவிர்களே மனநல வைத்தியரிடம் அனுப்பிவைக்கிறார்கள். பின்னர் ஏர்வாடியிலும் இம்முறை கொண்டுவரப்பட்டது.

இது நமக்குப் புதிதுமல்ல. பாதுஷா நாயகம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் அதே நூற்றாண்டில், 1154இல், நூருத்தீன் ஸன்கி டமஸ்கஸில் பெரும் வைத்தியசாலை ஒன்றைக் கட்டினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய வைத்தியசாலையில் மனநோயாளருக்கெனத் தனிப்பிரிவே இருந்தது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அம்மக்கள் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள்.

ஸியாரத்தின் சட்டம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். நோயாளிக்கு மருந்தை மறுக்கக்கூடாது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இருக்க முடியாது. ஆசிரியை என்ற வகையில் எனக்குத் தெரிந்த ஒரு மாணவியை, ஜின் பிடித்திருக்கிறது என்று கூறி வீட்டார் ஊர் ஊராகக் கொண்டு திரிந்தார்கள். கிளினிக்கில் கொடுத்த குளிசைகள் இடையில் நிறுத்தப்பட்டன. தேறிவந்த பிள்ளைக்கு நோய் மீண்டும் முற்றியது. இரண்டு வருடப் படிப்பு வீணாகியது.

ஆகவே ஏர்வாடிக்குச் செல்ல நிய்யத் வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்: புறப்படும் முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். பயண நாட்களுக்குப் போதுமான குளிசைகளையும் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நோயாளியைத் தனியே விட்டுவராதீர்கள். கட்டிவைக்கும் எந்த இடத்திலும் ஒப்படைக்காதீர்கள். இன்னும் வைத்தியரைக் காணாதவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.